தலைதீபாவளிக்கு ஆறு பேனல்

கவரைப்பேட்டை
14.12.2025, ஞாயிறு

அண்ணா,

எட்டு நாளாக உன் போன் எனக்கு மட்டும் கிடைப்பதில்லை. டவர் இல்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு ஆபீஸில் ஏஞ்சலின் போனிலிருந்து அடித்தேன். இரண்டாவது மணியிலேயே "யாரு?" என்றாய். நான் பேசாமல் வைத்துவிட்டேன். நீ என்னை பிளாக் செய்திருப்பதாக ஏஞ்சலின்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, தன் டீயையும் என் பக்கம் நகர்த்தினாள்.

அதனால் கடிதம் எழுதுகிறேன். இதை நீ கிழித்துப் போடலாம். கிழிப்பதற்கு முன் பிரித்துப் படிப்பாய் என்று நம்புகிறேன்.

என்ன நடந்தது என்பதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். தவறாக இருந்தால் திருத்து. போன தையில் ரம்யாவின் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தியம்மா கட்டிலும் பீரோவும் வேண்டாம் என்றார்கள். திருநின்றவூர் வீட்டு மாடிக்கு சோலார் போட்டுக்கொடுத்தால் போதும் என்றார்கள். அதையே சீராக வைத்துக்கொள்கிறோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். "என் தங்கச்சி பேனல் கம்பெனிலதான் கீறா" என்று நீ பெருமையாகச் சொன்னாய். அன்று சாயங்காலமே, எப்போது வாங்கலாம் என்று என்னைக் கேட்டாய். விலை மாதாமாதம் இறங்கிக்கொண்டிருந்தது. காத்திரு என்றேன். சித்திரையில் கேட்டாய், காத்திரு என்றேன். ஆவணியில் கல்யாணம் வந்தது. அதே வாரம் எங்கள் பேனலுக்கு அமெரிக்காவில் ஐம்பது சதவீத வரி. பிறகு, ஜி.எஸ்.டி. குறைக்கப் போகிறார்கள், செப்டம்பர் இருபத்திரண்டு வரைக்கும் பொறு என்றேன். அப்படியே குறைத்தார்கள். அதற்குள் அமெரிக்காவுக்கென்று செய்த பேனல்கள் போக வழியில்லாமல் கோடவுனில் நின்றன. ஊழியர்களுக்குக் குறைந்த விலையில் தருகிறோம் என்று கம்பெனி அறிவித்தது. நான் ஆறு எடுத்தேன். தலைதீபாவளிக்கு நீ அவற்றை மஞ்சள் குங்குமம் வைத்து அனுப்பினாய்.

இப்போது அரசு மானியம் கிடையாது என்று பதில் வந்திருக்கிறது. பேனலுக்குள் இருக்கும் செல் இந்த நாட்டில் செய்ததில்லையாம்.

எனக்கு இது புரியவில்லை, அண்ணா. அந்தப் பேனல் என் கண் முன்னால் கும்மிடிப்பூண்டியில் செய்தது. ரம்யா போனில் "பரவால்ல அத்தை" என்றாள். அதை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று மட்டுமாவது எழுது.

செண்பகம்

•

பள்ளிப்பட்டு
22.12.2025

செண்பகத்துக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. உன் அண்ணி படித்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பேனல் வந்த அட்டைப் பெட்டியில் ஒட்டியிருந்தது. தயாரித்த நாடு என்ற இடத்தில் இந்தியா என்று இருக்கிறது. அதன் கீழே இருக்கும் கையெழுத்து யாருடையது என்று நீயே பார்த்துக்கொள்.

பேனல் மாட்டிய அன்புராஜ் சின்னப் பையன்தான், ஆனால் விவரமானவன். மாடியில் வைத்து என்னை மூன்று தடவை கேட்டான். மாமா, இது மானியத்துக்கு ஆகற பேனல்தானா என்று. "பின்னாடி பார்றா, இந்தியான்னு போட்டுக்குது. எழுதினவ என் கூடப் பொறந்தவ" என்றேன். அவன் அதற்கு மேல் என்ன சொல்வான்? "மாமா, மொதல்ல அந்தக் குங்குமத்தத் தொடைங்க. அது இருக்கற எடத்துல கரன்ட் வராது" என்று மட்டும் சொன்னான். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

ரம்யா எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தாய். அந்தத் தெருவில் அதற்கு 'சைனா சீர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் பிடிக்கப் போகும்போது காதில் விழுகிற மாதிரி சொல்கிறார்களாம். சம்பந்தியம்மா லட்சுமியம்மாள் நேராக எதுவும் சொல்வதில்லை. சாப்பிடும்போது, "உன் மாமனார் ஊர்ல வெல போவாதது எல்லாம் நம்ம மாடிக்கு வந்துச்சு" என்று மகனிடம் சொல்வது போல் சொல்கிறாள். மாப்பிள்ளை தணிகைவேல் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறான். இது ரம்யா சொன்னது. அழாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ படித்தவள். பி.காம். ஒன்பது வருடமாக அதே கம்பெனி. உனக்குத் தெரியாமல் எப்படி?

பச்சையப்பன்

•

கவரைப்பேட்டை
28.12.2025

அண்ணா,

தாள் வந்தது. கையெழுத்து என்னுடையதுதான்.

உனக்குத் தெரியாமல் எப்படி என்று கேட்டாய். ஒரு வாரமாக நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏஞ்சலினோடு சரக்கு இறக்கும் பக்கம் போனேன். அது அவளுடைய செக்‌ஷன். எங்கள் கம்பெனிக்கு இரண்டு கேட். மேற்கு கேட்டில் கன்டெய்னர் வரும், கிழக்கு கேட்டில் போகும். வருவதற்கு அவள் தாள் எழுதுகிறாள், போவதற்கு நான் எழுதுகிறேன். நடுவில் ஒரு பெரிய ஷெட். ஏஞ்சலின் ஒரு பெட்டியைப் பிரித்துக் காட்டினாள். அப்பளம் மாதிரி மெல்லிசாக, கருநீலமாக, அடுக்கடுக்காகச் செல். பெட்டியின் மேல் சீன எழுத்து. "இன்னாக்கா, இப்பதான் பாக்கற மாதிரி பாக்கறீங்க?" என்றாள்.

இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொன்னால் பொய். அந்தப் பெட்டிகளைக் கடந்துதான் தினமும் கேன்டீனுக்குப் போகிறேன். மானியத்துக்கென்று உள்நாட்டு செல் போட்ட பேனல் தனியாக ஒரு லைனில் ஓடுகிறது. அதற்கு விலையும் அதிகம், தட்டுப்பாடும் அதிகம். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்காவுக்குப் போகும் தாளில் இந்தியா என்று எழுதுவது பொய்யில்லை, அண்ணா. செல்லைக் கோர்த்து, கண்ணாடி வைத்து, சட்டம் மாட்டி, வெளிச்சம் அடித்துச் சோதித்து, எல்லாம் இங்கேதான் செய்கிறோம். அந்தத் தாளுக்கு அது போதும். மானியத்துக்குப் போதாது. ஒரே பேனல், ஒரு தாளில் நம்முடையது, இன்னொரு தாளில் நம்முடையது இல்லை. ஒன்பது வருடம் ஒரே வார்த்தையை எழுதி எழுதி, என் கை அதை நம்பிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

இதை லட்சுமியம்மாளிடம் எப்படிச் சொல்வது? எனக்கே சொல்லிக்கொள்ளத் தெரியவில்லை.

பேனல் கழிவு இல்லை. அதை மட்டும் அடித்துச் சொல்லும்படி ரம்யாவிடம் சொல். கடல் தாண்டிப் போகவிருந்த சரக்கு அது. மாடியில் நன்றாக ஓடுகிறதா இல்லையா என்று கரன்ட் பில்லைப் பார்க்கச் சொல். பொங்கலுக்கு அவர்கள் வருவார்கள் இல்லையா? நானும் வரட்டுமா?

செண்பகம்

•

பள்ளிப்பட்டு
19.01.2026

செண்பகத்துக்கு,

பொங்கலுக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். நான் பதில் போடவில்லை. போட்டிருந்தாலும் வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன்.

போகி அன்று காலை ஒன்பது மணிக்குத் தெருமுனையில் ஒரு மினி லாரி வந்து நின்றது. தெருவில் எல்லோரும் பழைய பாயும் கிழிந்த முறமும் எரித்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் புகைக்குள்ளேயே வண்டியைக் கொண்டுவந்து நம் வாசலில் நிறுத்தினான். "சார், எங்க எறக்கறது?" என்றான். ஆறு பேனல். சுத்தமாகத் துடைத்து, போர்வை சுற்றிக் கட்டியிருந்தார்கள். எதிர் வீட்டுக்காரன், "இன்னாபா பச்சையப்பா, புதுசா வாங்கிக்கினியா?" என்றான். ஆமாம் என்றேன். என் வாயில் அதுதான் வந்தது.

டிராக்டர் ஷெட்டில் இறக்கி வைத்தேன். சாக்கு போட்டு மூடியிருக்கிறேன்.

கொடுத்த சீர் திரும்பி வந்தால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் கேட்கிறேன். ஒரு வருடம் முழுக்க என்னைக் காத்திரு காத்திரு என்றாயே. கல்யாணத்தன்றே ஏதாவது ஒரு கடையில் முழு விலை கொடுத்து வாங்கிப் போட்டிருந்தால், கடைக்காரனே மானியத்துக்கு ஆகும் பேனலாகப் பார்த்துக் கொடுத்திருப்பான். நீ சொன்னது விலைக்காக மட்டும்தானா? இல்லை, உனக்குள் பழைய கணக்கு ஏதாவது இருந்ததா? நான் கெட்டவனாகக் கேட்கவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேறு எதுவும் என்னைக் கேட்காதே.

பச்சையப்பன்

•

கவரைப்பேட்டை
25.01.2026

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. மறுநாள் போனேன். அமெரிக்கா வரை போய்விட்டு, அங்கே இறக்கிக்கொள்ள ஆளில்லாமல் ஒரு கன்டெய்னர் திரும்பி வந்திருந்தது. சீல் உடைத்தார்கள். உள்ளே என் தாள், என் கையெழுத்து, நாலு மாதத்துக்கு முந்தைய தேதி. திரும்பி வந்த சரக்குக்கு எந்த செக்‌ஷன் தாள் எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏஞ்சலின் தன் வேலை இல்லை என்றாள், நானும் என் வேலை இல்லை என்றேன். கன்டெய்னர் இரண்டு கேட்டுக்கும் நடுவில் நிற்கிறது.

பழைய கணக்கு என்று எழுதிவிட்டாய். இருபத்திரண்டு வருடமாக நாம் இருவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சீராக ஒரு டி.வி.எஸ். ஐம்பது பேசியிருந்தது. கல்யாணத்தன்று அது வரவில்லை. ஆடிக்கு என்னை அழைத்து வந்தீர்கள். ஆடி முடிந்தது, அவர்கள் கூப்பிட வரவில்லை. வண்டியோடு வந்தால் வரட்டும் என்று ஊத்துக்கோட்டையிலிருந்து ஆள் விட்டுச் சொன்னார்கள். வீட்டில் நெல் மூட்டை இருந்தது. நெல் விலை ஏறட்டும், காத்திரு என்றீர்கள். கார்த்திகையில் ஏறும் என்றீர்கள், பிறகு தையில் ஏறும் என்றீர்கள். நான் பின்கட்டு அறையில் காத்திருந்தேன். அடுத்த ஆடி வருவதற்குள் அவருக்கு வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். வண்டியை அதற்குப் பிறகு நீ வாங்கினாய் என்று நினைவு. அதில்தான் என்னை முதல் வேலைக்குக் கொண்டுபோய் விட்டாய்.

பழி வாங்கினாயா என்று கேட்கிறாய். இல்லை என்று எழுத நாலு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன். விலை உண்மையிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. அது பொய்யில்லை. மூன்று வருடத்தில் பாதிக்கும் கீழே போனது, யாரை வேண்டுமானாலும் கேள். ஆனால் காத்திரு என்று உன்னிடம் சொல்லும்போது என் குரல் எப்படி இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அந்த வார்த்தையைச் சொல்வதில் எனக்கு ஏதோ ஒரு சுகம் இருந்ததா? இருந்திருக்கலாம். ரம்யாவுக்குக் கெடுதல் நினைத்தேனா? சத்தியமாக இல்லை. இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை.

எதுவும் கேட்காதே என்றாய். ஒன்றே ஒன்று கேட்கிறேன். மினி லாரியில் பேனல் மட்டும்தான் வந்ததா?

செண்பகம்

•

பள்ளிப்பட்டு
08.02.2026

பாப்பா,

டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ரம்யாவும் வந்தாள். ஒரு பையோடு. புகையில் கண் எரிகிறது என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். யாரும் அவளை அனுப்பவில்லையாம். பேனலைக் கழற்ற ஆள் வந்ததும், "இதுங்கள நானே கொண்டுபோய் உட்டுட்டு வரேன்" என்று ஏறிக்கொண்டாளாம். அவர்களும் தடுக்கவில்லை. இருபத்தைந்து நாள் ஆகிறது. கூட்டிப்போக வருகிறோம் என்று அங்கிருந்து ஒரு வார்த்தை இல்லை. மாப்பிள்ளை மட்டும் தினமும் போன் செய்கிறான். பேசி முடித்ததும் இவள் போனைக் கவிழ்த்து வைக்கிறாள்.

அதே பின்கட்டு அறையில்தான் படுத்திருக்கிறாள். வேறு அறை கொடுக்கலாம் என்று உன் அண்ணி சொன்னாள். வேறு எந்த அறை இருக்கிறது?

நீ எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது. 'காத்திரு என்றீர்கள்' என்று எழுதியிருக்கிறாய். நம்மைப் பெற்ற நைனா சொல்லவில்லை. "வித்துட்டு வண்டிய வாங்கிக் குட்றா, பொண்ணு வாசலப் பாத்துக்கினு கீது" என்று அவர் தலைதலையாக அடித்துக்கொண்டார். நான்தான் மூட்டைக்கு முப்பது ரூபாய் கூட வரும் என்று நிறுத்தி வைத்தேன். நாற்பது மூட்டை. அப்புறம் அது விலையும் ஏறவில்லை, பாதியில் வண்டு விழுந்தது. நைனா சொன்னார் என்று உன்னிடம் சொல்லிவிட்டேன். அவர் சாகும் வரைக்கும் நீ அவரிடம் சரியாகப் பேசாததற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். அவரும் கடைசி வரை உன்னிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

எழுதிவிட்டேன். இனி நீ என்னை பிளாக் செய்தாலும் சரி.

இப்போது ஒன்று சொல். மானியத்துக்கு ஆகும் பேனலாகப் பார்த்து வேறு ஆறு வாங்கிக் கொண்டுபோய் மாட்டிவிட்டு, ரம்யாவை விட்டுவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன். அன்புராஜைக் கேட்டால், செல்லில் போடும் வெள்ளியின் விலை ஏறியதால் பேனல் விலை ஏறுகிறது, ஏப்ரலில் சீனாவும் ஏற்றுமதிச் சலுகையை நிறுத்துகிறது, இன்னும் ஏறும், உடனே வாங்குங்கள் என்கிறான். டிவியில் அமெரிக்கா வரியைக் குறைக்கிறது என்கிறார்கள். அப்படியானால் விலை இறங்குமா, ஏறுமா? இப்போதே வாங்கட்டுமா, ஒரு மாதம் பார்க்கட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

பச்சையப்பன்

•

கவரைப்பேட்டை
16.02.2026

அண்ணா,

நைனாவைப் பற்றி நீ எழுதியதற்கு இப்போது என்னால் பதில் எழுத முடியவில்லை. கோபமா என்று பார்த்தேன், அது கோபமாகவும் இல்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, "சட்னி நல்லாக்குது" என்று மட்டும் சொன்னார். நான் அதற்கும் பதில் சொல்லவில்லை. அது நினைவுக்கு வந்தது. அதை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

விலை கேட்டிருந்தாய். அதற்குப் பதிலாக நான் நேற்றுக் காலை ரயிலேறி, சென்ட்ரலில் மாறி, திருநின்றவூர் போனேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பொறு என்று சொல்லியிருப்பாய்.

லட்சுமியம்மாள் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். உள்ளே வரச் சொல்லி, காபி கொடுத்து, மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார்கள். பேனல் இருந்த இடத்தில் இரும்புக் கால்கள் மட்டும் நிற்கின்றன. அவற்றின் மேல் துணி கட்டி வடகம் காயப்போட்டிருந்தார்கள். அவர்களோடு சண்டை போடப் போனேனா, மன்னிப்புக் கேட்கப் போனேனா என்று அங்கே நின்றபோது எனக்கே தெரியவில்லை. மேற்கு கேட்டு, கிழக்கு கேட்டு, செல், தாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு,

"எனக்கு மானியம் பெருசில்லம்மா," என்றார்கள். "கல்யாணத்துக்கு வந்தவங்க எல்லாரும் மாடியத்தான் மொதல்ல பாத்தாங்க. ஆவணி போச்சு, பொரட்டாசி போச்சு. இன்னும் வரலியா, இன்னும் வரலியான்னு கேட்டுக்கினே இருந்தாங்க. கடைசில தள்ளுபடில வந்துது. காத்திருன்னு சொன்னது நீங்கதானாமே?"

"ஆமா."

"எதுக்கு?"

"வெல கொறையும்னு."

"கொறஞ்சுதா?"

"கொறஞ்சுது."

அவர்கள் சிரித்தார்கள். கேலியா, இரக்கமா என்று எனக்குப் புரியவில்லை. அவர்கள் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் எங்கே போனதென்றும் தெரியவில்லை. நல்லவர்கள் என்று சொல்ல மாட்டேன். போர்வை சுற்றிப் பேனலை அனுப்பியவர்கள், பெண் அதோடு ஏறும்போது வாசலில் நின்று பார்த்திருக்கிறார்கள். ஆனால் கீழே இறங்கும்போது, "அவ இல்லாம ஊடு பேஜாரா கீது" என்று படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னதும் அதே லட்சுமியம்மாள்தான்.

மாப்பிள்ளை ஸ்டேஷன் வரை வந்தான். டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். ரயில் வரும் நேரத்தில், "நான் போய்க் கூப்டா வருவாளா அத்தை?" என்று கேட்டான். நான் சொன்னேன்:

"கூப்புடாம இருந்தா இன்னா ஆகும்னு எனக்குத் தெரியும். கூப்ட்டா இன்னா ஆகும்னு எனக்குத் தெரியாதுப்பா. என்னை யாரும் கூப்புட வரல."

ரயில் வந்துவிட்டது. அவன் என்ன நினைத்தான் என்று தெரியவில்லை. நான் சொன்னது சரியா என்றும் தெரியவில்லை.

பேனல் எதுவும் வாங்காதே. வாங்கு என்றோ, காத்திரு என்றோ இந்த ஒரு விஷயத்தில் நான் சொல்ல மாட்டேன். ரம்யாவைக் கேள். நம் இரண்டு பேரில் ஒருவராவது அவளைக் கேட்டோமா?

செண்பகம்

•

பள்ளிப்பட்டு
01.03.2026

பாப்பா,

போன ஞாயிறு மாப்பிள்ளை வந்தான். யாரிடமும் சொல்லாமல், பைக்கில், தனியாக. முகமெல்லாம் தூசி. உன் அண்ணி நாஷ்டா எடுத்து வைத்தாள். அவன் கையைக் கழுவிவிட்டு உட்காராமல் நின்றான். மானியம் இல்லையென்றாலும் பரவாயில்லை, அம்மாவிடம் பேசிவிட்டேன், அதே பேனலைத் திரும்ப மாட்டிக்கொள்கிறோம், மினி லாரிக்கு நானே சொல்லிவிடுகிறேன் என்றான். எனக்கு உயிர் வந்தது. உடனே ஷெட்டுக்குப் போய்ச் சாக்கை எடுக்க ஆரம்பித்தேன். ரம்யா பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தாள்.

"வேணா நைனா. இதுங்க இங்கயே நம்ம மாடில இருக்கட்டும். நான் மட்டும் போறேன்."

அம்மா ஏதாவது சொல்வாள் என்றான் மாப்பிள்ளை. அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சொல்லட்டும். நான் வெறுங்கையோட வந்தேன்னு தெருவே சொல்லட்டும். அத என்னால கேட்டுக்கினு இருக்க முடியும். ஆனா இன்னொரு வாட்டி இந்த ஊட்லர்ந்து ஒரு பொருள் அந்த ஊட்டுக்கு ஏறுச்சுன்னா, நான் அதையும் எடுத்துக்கினு எறங்கிடுவேன். இத இப்பவே சொல்லிடறேன். உங்களுக்குச் சரின்னா கெளம்பலாம்."

அவன் சாக்கை எடுத்துப் பேனலைத் திரும்ப மூடினான். பிறகு சரி என்றான். ஹெல்மெட் ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்து அவளிடம் கொடுத்தான். இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்கு இது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. பெற்ற பெண்ணை ஒன்றுமில்லாமல் அனுப்பினவன் என்று ஊர் பேசும். அதே நேரத்தில் வண்டி தெருமுனை திரும்பும்போது அவள் கையை ஆட்டினாள், கல்யாணத்தன்று அப்படி ஆட்டவில்லை. அப்படியானால் ஒரு வருடமாக நானும் நீயும் எதற்கு விலை பார்த்துக்கொண்டிருந்தோம்? உன் டி.வி.எஸ்.ஸுக்கு நான் எதற்கு நெல் விலை பார்த்தேன்? உன்னை வெறுங்கையோடு கூட்டிக்கொண்டுபோய் விட்டிருந்தால் அவர்கள் சேர்த்துக்கொண்டிருப்பார்களா? தினமும் மாடியில் போய் உட்கார்ந்து யோசிக்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை.

மாடியில் என்று எழுதினேனே, அன்புராஜ் வந்து ஆறையும் மாட்டிவிட்டான். காலை பத்து மணிக்கு மீட்டர் பின்னால் போகிறது. உன் அண்ணி துணியால் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். குங்குமம் வைக்கவில்லை.

இதைப் பார்த்துவிட்டு பால் சொசைட்டியில் தங்களுக்கும் பேனல் போட வேண்டும் என்கிறார்கள். ஏப்ரலுக்கு முன்னால் வாங்கினால் நல்லதா, பின்னால் வாங்கினால் நல்லதா என்று உன்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னார்கள். எழுது.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் போனில் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

பச்சையப்பன்

•

கவரைப்பேட்டை
06.03.2026, வெள்ளி

அண்ணா,

ரம்யா நேற்று எனக்குப் போன் செய்தாள். அத்தை, இன்று தண்ணீர் பிடிக்கப் போனேன், ஒருத்தி 'இன்னாமா, சீர் எங்க?' என்று கேட்டாள், 'எங்க நைனா ஊட்ல கரன்ட் குடுத்துக்கினு கீது' என்றேன் என்று சொல்லிச் சிரித்தாள். லட்சுமியம்மாள் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லையாம். மூன்றாம் நாள் வடகத்தை எடுத்து வைக்கச் சொல்லிக் கூப்பிட்டார்களாம். இது முடிந்ததா, இன்னும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆனால் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

என்னை வெறுங்கையோடு விட்டிருந்தால் சேர்த்துக்கொண்டிருப்பார்களா என்று கேட்டாய். தெரியவில்லை, அண்ணா. நாற்பது மூட்டையைப் பற்றி நீ எழுதிய கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஒவ்வொருவர் மேல் கோபம் வருகிறது. ஒரு முறை உன் மேல், ஒரு முறை ஊத்துக்கோட்டைக்காரர் மேல். அதிகமும் என் மேல்தான். பதினொரு மாதம் அந்த அறையில் இருந்தேனே, ஒரு நாள் நானே எழுந்து பஸ் ஏறியிருக்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அதுவும் தெரிந்தே தோன்றாமல் போன விஷயம்தானா?

கம்பெனியில் இரண்டு கேட்டுக்கும் நடுவில் அந்தக் கன்டெய்னர் இன்னும் நிற்கிறது. ஒரு வரி குறைகிறது, இன்னொரு வரி வருகிறது என்கிறார்கள். திங்கட்கிழமை ஒரு விலைப்பட்டியல் வந்தது, புதன்கிழமை அது செல்லாது என்று இன்னொன்று வந்தது. பால் சொசைட்டிக்காரர்களிடம் என் பதிலைச் சொல்லிவிடு: எப்போது வாங்குவது என்று எனக்குத் தெரியாது. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து இந்தக் கேள்விக்கு நான் இப்படிப் பதில் சொல்வது இதுதான் முதல் தடவை. வாங்கும்போது, உள்ளே இருக்கும் செல் எங்கே செய்தது என்று எழுதி வாங்கச் சொல். என் கையெழுத்து இருந்தாலும் கேட்கச் சொல்.

நீ அனுப்பிய தாள் என்னிடம்தான் இருக்கிறது. கொண்டுவருகிறேன். ஒன்பது வருடமாக அட்டைப் பெட்டியை எண்ணித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எங்கள் பேனல் ஒன்று வெயிலில் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை.

ஞாயிறு முதல் பஸ்ஸில் கிளம்பி, திருத்தணியில் மாறி வருகிறேன். இந்தக் கடிதம் உனக்குத் திங்களோ செவ்வாயோதான் கிடைக்கும். அது வந்து சேரட்டும் என்று இருக்கப் போவதில்லை. தபால்காரர் வரும்போது நான் மாடியில் இருந்தால், அண்ணியை வாங்கி வைக்கச் சொல்.

செண்பகம்